நேரமறிந்து அன்பு செய்வது எப்படி

எங்கள் மூன்றாவது திருமண நாளன்று, என் மனைவி தாதியாகப் பணிபுரியும் மருத்துவமனை வார்டுக்கு இருபத்து நான்கு சிவப்பு ரோஜாக்கள் கொண்ட பூங்கொத்தை ஆள்மூலம் அனுப்பிவைத்தேன். அது பிற்பகல் மூன்று மணி அளவில் போய்ச் சேர்ந்தது. பல நாள்களாக அவர் கவனித்துவந்த முதியவர் ஒருவர் இறந்து அப்போது அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. இறந்தவரின் மகள் வார்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருக்க, என் ரோஜாக்கள் பளபளக்கும் தாளுக்குள் முகப்பு மேசைமீது வந்து உட்கார்ந்துகொண்டன. மனைவி அவற்றை அவசரமாகத் தூக்கிக்கொண்டுபோய், ஊழியர் ஓய்வறையில் ஒரு நாற்காலிக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும், "பூ நல்லா இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னார். நடந்தது என்னவென்று ஒரு வாரம் கழித்தே எனக்குத் தெரியவந்தது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. தொடர்ந்து மூன்று இரவுப் பணிகளை முடித்துவிட்டு அவர் வீடு திரும்பிய ஒரு காலையில், நான் காய்ச்சலுக்காக மருத்துவ விடுப்பில் இருந்தேன். பொழுது போகாமல், அவர் வருவதற்கு முன்பே படுக்கையறைத் திரைச்சீலையை இழுத்து மூடி, ஓரங்களில் வெளிச்சம் கசியாதபடி துணி காயப்போடும் கவ்விகளை வரிசையாக மாட்டி, அழைப்புமணியின் பேட்டரியையும் கழற்றி வைத்தேன். ஒன்பது மணிக்குப் படுத்தவர் மாலை நாலரைக்குத்தான் எழுந்தார். ரோஜாக்களைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கவ்விகளைப் பற்றித் தம் அம்மாவிடம் சொன்னார், தங்கையிடம் சொன்னார். உறவினர் கூடும் இடங்களில் இன்றைக்கும் அந்தப் பேச்சு எழுகிறது.

இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடு நேரம்தான் என்பது எனக்கு உடனே புரிந்துவிடவில்லை. எதைக் கொடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் நாம், எப்போது கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் நாள்காட்டியிடம் விட்டுவிடுகிறோம். பிப்ரவரி 14, பிறந்தநாள், திருமண நாள் என்று அது சொல்கிற நாள்களில் செய்து முடித்துவிட்டால் கடமை தீர்ந்ததாக எண்ணுகிறோம். நேரம் பார்த்துச் செய்வது பிறவியில் வரும் திறமை என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதைப் போலவே இதையும் கற்றுக்கொண்டவன் நான். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நான்கறை வீட்டிலிருந்து துவாஸ் கப்பல் பட்டறைக்கு நாள்தோறும் போய்வருகிறவன், ஷிஃப்டு முறையில் வேலை பார்ப்பவரோடு இருபத்திரண்டு ஆண்டுகள் குடும்பம் நடத்தித் தெரிந்துகொண்ட முறை இது.

அவருடைய கடிகாரத்தைப் படியுங்கள்

முதல் இரண்டு வாரங்களுக்குப் புதிதாக எதையும் செய்ய வேண்டாம், கவனித்தால் போதும். சட்டைப்பையில் அடங்கும் நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, உங்கள் துணை வீட்டுக்குள் நுழைந்த நேரம், தாமாக முதல் வார்த்தை பேசிய நேரம், பசிக்கிறது என்று சொன்ன நேரம், எந்த நாளின் இரவில் புரண்டு புரண்டு படுத்தார், யாருடைய தொலைபேசி அழைப்புக்குப் பிறகு முகம் சுருங்கியது என்பவற்றை இரண்டே சொற்களில் குறித்துவையுங்கள். எழுதும்போது சற்றுக் கூச்சமாக இருக்கும். அவர் உங்கள் கண்முன்னால் இருக்கும்போது தெரிவதை மட்டும் எழுதுவதாக எல்லை வைத்துக்கொண்டால் அந்தக் கூச்சம் தேவையில்லை. கைப்பேசியைத் திறந்து பார்ப்பதும், இப்போது எங்கே இருக்கிறார் என்று செயலியில் பின்தொடர்வதும் இந்தக் கணக்கில் சேரா.

என் நோட்டில் முதலில் வெளிப்பட்டது ஒரு மௌனம். பணி முடிந்து வந்த முதல் நாற்பது நிமிடங்கள் அவர் பேசுவதில்லை. அதுவரை அதைக் கோபம் என்று எண்ணி, "என்ன ஆச்சு? நான் ஏதாவது செஞ்சேனா?" என்று துளைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன், இல்லாத கோபத்தை நானே கிளப்பிவிட்ட மாலைகள் பல. பதினான்கு நாள்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், நாள் நன்றாகப் போயிருந்தாலும் மோசமாகப் போயிருந்தாலும் அந்த நாற்பது நிமிடம் மாறவில்லை என்பது தெரிந்தது. இரண்டாவதாக வெளிப்பட்டது இன்னும் பயனுள்ள செய்தி. இரவுப் பணிகளுக்குப் பிறகு வரும் முதல் ஓய்வு நாள் அவருக்கு ஓய்வு நாளாகவே இருந்ததில்லை. உடம்பு வீட்டில் இருக்கும், மற்றதெல்லாம் எங்கோ இருக்கும். நானோ அந்த முதல் நாளையே பார்த்து மேசை முன்பதிவு செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, உணவகத்தில் எதிரே உட்கார்ந்து அவர் கொட்டாவி விடுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதே உணவகம், அதே பிரியாணி, மறுநாள் போனபோது பேச்சு நிற்கவில்லை.

இது வேலைக்கு வேலை மாறும். கணக்காளரை மணந்தவர்கள், காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் பொருள் சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதை மனத்தில் வைத்து, பெரும்பாலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் கடைசி வாரத்தில் விருந்தினரை அழைக்காமல் இருப்பது நல்லது. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஆகஸ்டில் பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியோடு தொடங்கும் நெருக்கடி அக்டோபர் வரை நீளும். வாடகைக் கார் ஓட்டுநருக்கு வெள்ளிக்கிழமை இரவுதான் வருமானம். அன்று சினிமாவுக்குக் கூப்பிட்டால் அவர் வருவார், ஆனால் திரையைவிட கடிகாரத்தையே அதிகம் பார்ப்பார். பணி அட்டவணை உள்ளவர்கள் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பகலில் தூங்குபவருக்கு இரவை உண்டாக்குதல்

இந்தப் பகுதி ஷிஃப்டு வேலைக்காரர்களின் துணைக்காகவே எழுதுவது. நம் ஊரில் மருத்துவமனை, விமான நிலையம், துறைமுகம், பாதுகாவல், மின்னணு ஆலை என்று அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். இரவுப் பணி முடித்து வருபவருக்கு நீங்கள் தரக்கூடிய பொருள்களில் தூக்கத்துக்கு இணையானது எதுவும் இல்லை. அதைக் கடையில் வாங்க முடியாது. ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் தூக்கத்துக்குப் பெரிய எதிரி, மேல்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நடக்கும் புதுப்பிப்புப் பணி. சுவரை உடைப்பது, துளையிடுவது போன்ற சத்தம் மிகுந்த வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை செய்ய அனுமதி உண்டு. அதாவது, இரவுப் பணி முடித்தவர் தலையணையில் தலை வைக்கும் நேரத்தில் துளைப்பான் எழுந்து வேலையைத் தொடங்கும். சட்டப்படி அவர்கள் செய்வது சரி என்பதால் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. பயனுள்ளது என்னவென்றால், மின்தூக்கிக்கு அருகே ஒட்டப்படும் புதுப்பிப்பு அறிவிப்பைப் படிப்பது. நம்மில் பெரும்பாலோர் மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது அதைப் பார்ப்போம். எந்த வீடு, எந்தத் தேதி என்று படிக்க மாட்டோம். நான் அதைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் அவருடைய அட்டவணையோடு ஒப்பிட்டு, சத்தமும் இரவுப் பணியும் மோதும் நாள்களை வட்டமிட்டு வைத்துக்கொள்வேன். பழைய வீட்டைப் புதுப்பிக்க ஒரு மாத அவகாசம் தரப்படுகிறது. அந்த மாதத்தில் மோதும் நாள்கள் நாலைந்துக்குமேல் இருப்பதில்லை. அந்த நாள்களுக்கு மட்டும் அங் மோ கியோவில் இருக்கும் மாமியார் வீட்டு அறை ஒன்றை முன்பே கேட்டு வைத்துவிடுவேன். ஒருமுறை மேல்வீட்டுக்காரரிடமே போய், என் மனைவியின் இரவுப் பணித் தேதிகளை எழுதிக் கொடுத்து, குளியலறை உடைப்பதை அதற்கு அடுத்த வாரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் குத்தகைக்காரரிடம் பேசி இரண்டு நாள்களைத் தள்ளிவைத்தார். கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. உளி சுவரில் விழுந்த பிறகு கேட்டால் கிடைக்காது என்று மட்டும் சொல்லலாம்.

மற்றவை எளியவை. பொட்டலம் கொண்டுவருபவர் மணியடிக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போகும்படி குறிப்பு எழுதுங்கள். சலவை இயந்திரத்தை முந்தைய இரவே ஓட்டிவிடுங்கள். காலை எட்டரைக்கு வந்து இறங்குபவரிடம் காப்பியை நீட்டாதீர்கள். நம் வீடுகளில் அன்பின் முதல் அடையாளம் காப்பி என்பதால் இந்தத் தவற்றை மிக அன்பானவர்களே செய்கிறார்கள். வெதுவெதுப்பான மைலோவோ, மிளகு குறைத்த ரசமும் இரண்டு இட்லியும் போதும்.

மழை, குடை, தேநீர்

திரைப்படங்களில் காதலைச் சொல்வதற்கு மழையும் குடையும் வேண்டும். எம்ஆர்டி ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் தொலைவுக்குக் கூரையிட்ட நடைபாதை போட்டு வைத்திருக்கும் நாட்டில் அதற்கு வாய்ப்புக் குறைவு. குடையை எடுத்துக்கொண்டு வேகமாகக் கீழே இறங்கிப் போனால், அவர் ஒரு சொட்டுக்கூட நனையாமல் எதிரே வந்துகொண்டிருப்பார், எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் எந்தக் கூரைக்கும் ஓர் இடைவெளி இருக்கும். எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கும் புளோக்குக்கும் நடுவே, கார் நிறுத்துமிடத்தின் நுழைவழியைக் கடக்கும் இடத்தில் எட்டு அடிக்குக் கூரை இல்லை. வேலைக்குப் போகும்போது நனைந்தால் மாற்று உடை கிடையாது, திரும்பும்போது நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், குடை தேவைப்படுவது அவர் கிளம்பும் நேரத்தில்தான்.

தேநீரும் அப்படியே. அவர் குடிப்பது பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' என்று தெரிந்துவைத்திருப்பது நல்லதுதான், எல்லாரும் அந்த அளவுக்கு வந்துவிடுவார்கள். பணி நாளில் காலையில் அவசரமாகக் குடித்துவிட்டு ஓடும் அதே தேநீரை, ஓய்வு நாளின் மாலை ஐந்து மணிக்குக் கீழ்த்தளக் காப்பிக்கடையில், கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து குடிப்பது வேறு அனுபவம். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

முந்தைய நாளும் பிந்தைய நாளும்

என் அனுபவத்தில், முக்கியமான நாளன்று செய்வதைவிட அதற்கு முந்தைய நாளோ பிந்தைய நாளோ செய்வதுதான் மனத்தில் தங்குகிறது. முக்கியமான நாளன்று எல்லாரும் இருப்பார்கள். வாழ்த்துகள் வந்து குவியும், கைகளும் நிறைய இருக்கும். முந்தைய இரவில் அவர் தனியாக இருப்பார்.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாளில் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் நெரிசலுக்குள் புகுந்து வளையல் வாங்கித் தருவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒளியூட்டு விளக்குகள் ஏற்றப்பட்ட நாளிலிருந்தே பெண்களின் தலைக்குள் ஒரு பட்டியல் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஜன்னல் கம்பி துடைப்பது, சமையலறை மேலலமாரியை இறக்கிக் கழுவுவது, முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுப்பது, யார் யாருக்கு எந்த அளவில் உடை. அந்தப் பட்டியலில் இரண்டு வேலைகளை, பண்டிகைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே, கேட்காமல் முடித்துவிடுங்கள். கடைசி மூன்று நாள்களில் "நான் என்ன செய்யணும்னு சொல்லு" என்று போய் நிற்பது உதவியில் சேராது. உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் அவருடைய பட்டியலில் ஒரு வேலையாகச் சேர்ந்துவிடும்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மாமியாருக்கு இரத்தப் பரிசோதனை இருக்கும் நாள் எங்கள் வீட்டில் எப்போதும் சிடுசிடுப்பான நாளாக இருந்தது. முந்தைய இரவிலிருந்து எட்டு, பத்து மணி நேரம் எதுவும் உண்ணாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, நீரிழிவு உள்ள எழுபது வயதுக்காரர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்; பக்கத்தில் இரவுப் பணி முடித்த மகள். இரத்தம் எடுத்த பிறகு மருத்துவரைப் பார்க்க இன்னும் நேரம் ஆகும், உணவங்காடி நிலையமோ சாலைக்கு அப்பால். ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்புமுன் நான்கு இடியாப்பத்தையும் கொஞ்சம் சொதியையும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, கரண்டியோடு பையில் வைத்து அனுப்பினேன். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த மாமியார் கீழ்த்தள இருக்கையில் உட்கார்ந்தே சாப்பிட்டுவிட்டார். மனைவி அனுப்பிய செய்தியில் சொற்கள் இல்லை, காலியான டப்பாவின் படம் மட்டும் இருந்தது. துணையின் பெற்றோருக்குச் சரியான நேரத்தில் செய்வது துணைக்கே செய்ததாக வந்து சேரும் என்பதை நான் கற்றது அந்தப் படத்திலிருந்துதான். (மருந்து உட்கொள்பவர்கள் பரிசோதனைக்கு முன் மருந்தை எப்போது எடுப்பது என்பதை மருந்தகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.)

எங்கள் மகன் புலாவ் தேக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருந்த வாரங்களில் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. மகன் வீட்டுக்கு வரும் நாளில் மனைவிக்கு என் உதவி எதுவும் தேவைப்படவில்லை. ஆட்டுக்கறி வாங்கியாகிவிடும், அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைப்பார். கடினமான நேரம் ஞாயிறு மாலை. பாசிர் ரிஸில் அவனை இறக்கிவிட்டு நேரே வீடு திரும்பினால், கலைந்து கிடக்கும் கட்டிலும் ஈரத் துண்டும் அவரை எதிர்கொள்ளும். இரண்டு வாரம் அப்படிப் பார்த்த பிறகு, மூன்றாம் வாரத்திலிருந்து இறக்கிவிட்டதும் பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் இருட்டும் வரை நடந்துவிட்டு, அங்கேயே ஏதாவது சாப்பிட்டு, களைப்போடு வீட்டுக்குப் போய்ப் படுக்கும்படி மாற்றிக்கொண்டோம். என்ன காரணத்துக்காக அந்த நடை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டரை மணி நேர வித்தியாசம்

எங்கள் பட்டறையில் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். வேலை முடிந்து விடுதிக்குப் போய், குளித்து, சமைத்து, இரவு பத்து மணிக்கு அவர் வீடியோ அழைப்பு போடுவார். எதிர்முனையில் மனைவி எரிந்து விழுவார். "நாள் பூரா இவங்களுக்காகத்தானே அண்ணே வேலை செய்யறேன்" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கண் கலங்கினார். கடிகாரத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் நமது பத்து மணி அங்கே ஏழரை. அடுப்பில் குழம்பு, மடியில் வீட்டுப்பாடம், கூடத்தில் மாமனார் மாமியார். அந்த நேரத்தில் அந்தப் பெண் கணவரிடம் மனம் விட்டு என்ன பேசிவிட முடியும்? இன்னும் தாமதமாகப் பேசலாம் என்றால், அங்கே ஒன்பது மணி இங்கே பதினொன்றரை; இவர் விடியுமுன் எழுந்து லாரி ஏற வேண்டும்.

விடை எங்கள் பகலுணவு இடைவேளையில் இருந்தது. இங்கே பன்னிரண்டரை என்றால் அங்கே காலை பத்து. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள், பாத்திரம் கழுவியாகிவிட்டது, மதியச் சமையல் தொடங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாளில் தமக்கென்று வாய்த்திருக்கும் சிறு இடைவெளி அது. இப்போது தம்பி அந்த நேரத்தில் பத்தே நிமிடம் பேசுகிறார், முகம் காட்டாமல் குரலில் மட்டும். இரவு அழைப்பு பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டது.

பணம் அனுப்புவதற்கும் நேரம் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறக்கும்; கட்டணமும் சீருடையும் நோட்டும் ஒரே வாரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். ஜூன் முதல் வாரத்தில் அனுப்பும் தொகையை மே நடுவில் அனுப்பினால் மனைவி யாரிடமும் கைமாற்றுக் கேட்க வேண்டியதில்லை. அனுப்பிய அன்றே அழைத்துக் கணக்குப் பேசுவதைத் தவிர்க்கும்படியும் அவரிடம் சொன்னேன். கணக்கை மறுநாள் வைத்துக்கொண்டால் பணத்தோடு அதிகாரமும் போய் இறங்காது.

பூவை விட்டுவிட வேண்டியதில்லை

இவ்வளவு சொன்னதால் பூவுக்கு நான் எதிரி என்று கொள்ள வேண்டாம். இரண்டாவது ஓய்வு நாள் எதுவென்று அட்டவணையில் பார்த்து, அதற்கு முந்தைய மாலை பஃப்ளோ சாலையில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, பையோடு ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். காலையில் பால் எடுக்கக் கதவைத் திறப்பவர் அதை அவராகவே கண்டெடுப்பார். பணி நாளில் சீருடையோடு மல்லிகை சூட முடியாது. ஓய்வு நாளில், தலை குளித்த ஈரத்தோடு, காரணம் எதுவும் இல்லாத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையில் சூடிக்கொள்ளலாம்.

கெடுப்பவை

நேரமறிந்து செய்ததைக் கெடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: "நீ கவனிச்சியா, நான்தான் செஞ்சேன்." நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அடுத்தது கணக்கு வைப்பது. நோட்டுப் புத்தகம் அவருடைய நேரத்தைப் படிப்பதற்கு. நீங்கள் செய்தவற்றைப் பதிவதற்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கினால் கிழித்து எறிந்துவிடுங்கள். மூன்றாவதாக, கணிப்புப் பிழைப்பதைப் பெரிதுபடுத்துவது. திரையை மூடி, மணியைக் கழற்றி, ரசம் வைத்துக் காத்திருந்த ஒரு காலையில் அவர் உற்சாகமாக வந்து, தூக்கம் வரவில்லை, தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகலாம் என்றார். ஏற்பாடெல்லாம் வீணாயிற்றே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மீன் வாங்கப் போயிருக்க வேண்டும்.

இன்னொரு குறை, தம் நேரத்தைச் சொல்லாமல் இருப்பது. மற்றவருடைய கடிகாரத்தைப் படிப்பவர்கள், தம்முடையதைப் பிறர் தாமாகவே படித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்து உள்ளுக்குள் புழுங்குவார்கள். எனக்கு மாதக் கடைசியில் பாதுகாப்புத் தணிக்கை நடக்கும் இரண்டு நாள்களில் யாரோடும் பேசப் பிடிக்காது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே வாய் திறந்து சொன்னேன். அவர், "இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்று கேட்டுவிட்டு, ஃபிரிட்ஜில் தம் அட்டவணையிலேயே அந்த இரண்டு கட்டங்களைப் பச்சை மையால் அடைத்தார்.

விடுப்பைப் பிரித்து வைத்தல்

நான் அறிந்தவற்றில் மிகக் கடினமான முறையை என் மனைவியிடமிருந்துதான் கற்றேன். போன ஆண்டு என் அப்பா இறந்தார். புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடாரம், மண்டாய் தகனச் சாலை, பதினாறாம் நாள் கருமாதி என்று எல்லாம் முறைப்படி நடந்தன. வீட்டில் எந்த நேரமும் பத்துப் பேர் இருந்தார்கள். மனைவி இறுதிச் சடங்கு நாளுக்கு மட்டும் விடுப்பு எடுத்துவிட்டு மறுநாளே பணிக்குத் திரும்பியபோது, என் அக்காவுக்கு அதில் வருத்தம். எனக்கும் இருந்தது, வாயால் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். மாலையில் நிறுவனப் பேருந்து எங்கள் புளோக்குக்கு எதிரே நின்றபோது மணி ஆறே முக்கால். அட்டவணைப்படி அவர் பிற்பகல் பணியில் இருந்திருக்க வேண்டும். கூரையில்லாத அந்த எட்டு அடிக்கு இந்தப் பக்கம், கையில் குடையும் தோளில் துணிப்பையுமாக நின்றுகொண்டிருந்தார். மழை இல்லை. ஐந்து நாள் விடுப்பு எடுத்திருப்பதாகவும், உறவினரெல்லாம் போய்விட்ட இந்த வாரத்துக்காகவே சேர்த்து வைத்திருந்ததாகவும் மேலே போன பிறகு சொன்னார். அந்த ஐந்து நாளில் நாங்கள் அப்பாவின் அறையைத் திறந்தோம். ஒரு மாலைக்கு ஓர் அலமாரித் தட்டு என்று எடுத்தோம். அவருடைய மாத்திரைப் பெட்டியில் ஞாயிறு முதல் புதன் வரையிலான கட்டங்கள் காலியாகவும், வியாழன் முதல் சனி வரை நிறைந்தும் இருந்தன. மனைவி அவற்றைக் காலி செய்யவில்லை. மூடியை அழுத்தி மூடி என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தட்டுக்குப் போனார்.